சோற்றுப் பிடித்தம்

என் புருஷன் மருதையனைக் கெட்டவர் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். மரியாதைக்கு ஏங்குகிறவர், அவ்வளவுதான். "வாங்க, உட்காருங்க" என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துபோய் அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார்.

நாங்கள் பண்ணையில் கூலி வேலை பார்த்த குடும்பம். நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. தெருவில் மற்றவர்கள் அப்போதும் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். என் கூடப்பிறந்த அக்கா கண்ணாத்தாள்தான் அந்த அறுப்புக் கூட்டத்தை முன்னே நின்று நடத்துகிறவள்.

அப்போதெல்லாம் அறுப்பு வந்தாலே கூலிச் சண்டைதான். அடிதடி, போலீஸ், கோர்ட்டு என்று எல்லாம் பார்த்தாயிற்று. அரசாங்கம் நடுவில் புகுந்து, கூலியை உயர்த்தி உத்தரவு போடும். அந்த வருஷமும் போட்டது. உடனே நீடாமங்கலத்தில் ஒரு ரைஸ்மில் கொட்டகையில் நிலக்காரர்களுக்குக் கூட்டம் வைத்தார்கள். புதுக் கூலிக்கு எப்படித் தயாராவது என்று சொல்லிக் கொடுக்கிறார்களாம். பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் எங்கள் வாசலுக்கே வந்து, "நீங்களும் இப்ப நிலக்காரர்தானே, வாங்க" என்று இவரைக் கூப்பிட்டார். நேற்றுவரை வாடா போடா என்றவர். இவர் சலவைச் சட்டையைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டார்.

திரும்பி வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலி போட்டார்களாம், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே டம்ளரில் காப்பி கொடுத்தார்களாம். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். சட்டம் படித்த ஒருவர் பேசினாராம். புதுக் கூலியை ஒரு நெல்மணி குறையாமல் அளந்துவிட வேண்டும், அதில் கைவைத்தால் வழக்கு வரும். ஆனால் அறுக்கிறவர்களுக்கு மத்தியானம் வரப்பில் போடுகிற சோறு எந்தச் சட்டத்திலும் இல்லை. அதனால் அதற்கு ஒரு விலை போட்டு, ஆளுக்கு ஒரு படி நெல் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் புதுக் கூலியும் பழைய கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லோரும் சரி என்றார்களாம். இவரும்தான்.

"சோத்துக்கா பிடிக்கப் போறீங்க? என் அக்காகிட்டயா?" என்று கேட்டேன்.

சட்டப்படிதானே என்று இழுத்தார். நான் விட்ட டோஸில் வாயை மூடிக்கொண்டார். அந்த எண்ணத்தை விட்டுவிட்டார் என்று நம்பினேன், மடச்சி.

எங்கள் வயல் வாய்க்கால் தலைமாட்டில், தண்ணீர் முதலில் பாயும் இடத்தில் இருப்பதால் குறுவை முதலில் விளைவது எங்களுக்குத்தான். அறுப்பு நாளில் அண்டா நிறையச் சோறு வடித்தேன். கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. நம் ஜனம் நம் வயலில் அறுக்கிறது என்ற பூரிப்பு எனக்கு. கண்ணாத்தாளின் மருமகள் அம்சம் பிள்ளை பெற்று எழுந்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். போதும் போதும் என்று தட்டை மறைத்தவளை, "பால் குடுக்கிறவ சாப்பிடுடி" என்று அதட்டி இன்னும் ஒரு அகப்பை போட்டேன்.

சாயங்காலம் களத்தில் கூலி அளந்தார் இவர். தற்செயலாக வந்ததுபோல் இராஜாங்கம் குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். புதுக் கூலி குறைவில்லாமல் விழுந்தது. கூட்டத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் இவர் படியை எடுத்தார். ஒவ்வொருவர் நெல்லிலிருந்தும் ஒரு படி திருப்பி மொண்டு எங்கள் அம்பாரத்தில் போட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, "சாப்பாட்டுக்கு" என்றார்.

அம்சத்தின் நெல்லிலும் மொண்டார். நான் வற்புறுத்திப் போட்ட சோறு.

கண்ணாத்தாள் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் படியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருக்க வேண்டும் நான். வீட்டுக்குள் வாய் கிழியப் பேசுகிறவள், இராஜாங்கத்தின் எதிரில் புருஷன் அசிங்கப்படக் கூடாதே என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். "அளந்தாச்சுல்ல, கிளம்புங்க" என்று அக்கா கூட்டத்தை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பிடித்த நெல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கூடையை அவள் தொடவில்லை. களத்தில் ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று அழுதேன்.

"பண்ணைக் களமா இருந்தா படியைப் புடுங்கியிருப்போம் தங்கம். நம்ம புள்ள முதமுதல்ல சொந்தக் களத்துல நிக்கிறான். அந்த ஆளு முன்னால அவனத் தலைகுனிய வைக்க மனசு வரல" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் திரும்பி நடந்தபோது ஒருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே பண்ணை அறுப்பு தொடங்கியது. முதல் நாள் சாயங்காலமே இராஜாங்கம் சோற்றுக்கு ஒரு படி பிடித்தார். கூட்டம் அரிவாளைக் கீழே போட்டது. அவர் பதறவில்லை. மருதையன் களத்தில் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டுதானே போனீர்கள், நான் கண்ணால் பார்த்தேனே என்று கேட்டாராம். சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், பண்ணைக்கு ஒரு நியாயமா என்று கேட்டாராம். எங்கள் வயல் முதலில் அறுபடும் என்று தெரிந்துதான் அந்த மனுஷர் எங்கள் வாசல் தேடி வந்திருக்கிறார். அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சுற்றுவட்டத்துக் களங்களிலெல்லாம் அதே பேச்சு, அதே பிடித்தம்.

இவரைக் கிளப்பிப் பண்ணைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லோருக்கும் எதிரில், தான் பிடித்தது தப்பு, அதை யாரும் வழக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இவர் சொன்னார்.

"நீ உன் வயலப் பாருடா மருதையா" என்றார் இராஜாங்கம்.

இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். கூட்டமும் என்ன செய்யும்? மழை குறுவை நெல்லுக்குக் காத்திருக்காது, வயிறும் காத்திருக்காது. பண்ணைச் சோறும் வேண்டாம், பிடித்தமும் வேண்டாம், நாங்களே கொண்டுவந்து கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்தார்கள். தூக்குவாளியில் நீராகாரத்தைக் கொண்டுபோய் நாளெல்லாம் வெயிலில் அறுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் உலை வைத்தேன். மத்தியானம் சோற்றுக் கூடையை நான் தூக்க, குழம்புச் சட்டியை இவர் தூக்க, பண்ணை வரப்புக்குப் போனோம். அக்கா கை கழுவிவிட்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

வரிசையாகப் போட்டுக்கொண்டு அம்சத்திடம் வந்தேன். அகப்பையைச் சாய்க்கப் போனேன். அவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சின்னத்தே, இதுக்கு எவ்வளவு பிடிப்பாங்க?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. பாவம், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பின்னால் சட்டியோடு நின்றவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.