கேமரா முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்

குடிநீர் வாரியத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி நான். அதாவது, குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் வாயில் வார்த்தை வர வேண்டியவன். வேலைக்கான விளம்பரத்தில் படிப்பு, அனுபவம், உள்ளூர் மக்களின் போக்கு தெரிந்திருத்தல் என்று கேட்டிருந்தார்கள். படிப்பு இருந்தது. அனுபவம் இருப்பதாக எழுதிவிட்டேன். உள்ளூருக்கு, அக்காவைக் கட்டிக்கொடுத்த தெரு இருந்தது.

அந்தத் தெருக் குழாய்களில்தான் அன்று காலை தண்ணீர் பழுப்பாக வந்தது. மதியத்துக்குள் தெளிந்துவிட்டது. ஆனால் குடிக்கலாமா என்று பரிசோதனைக் கூடம் இன்னும் சொல்லவில்லை. தெருவே வாரியத்தை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது.

"அறிக்கை விட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார்," என்றேன் இயக்குநரிடம். "நம்ம ஆளு ஒருத்தர் அவங்க குழாய்லயே பிடிச்சு, கேமரா முன்னாடி குடிக்கணும்." எல்லாம் பாடத்தில் படித்ததுதான்.

"பிரமாதம். யாரு குடிக்கிறது?"

"நீங்க குடிச்சா எடுப்பா இருக்கும் சார்."

"என்னை அங்க யாருக்குய்யா தெரியும்? உங்க அக்கா வீடு அங்கதானே? நீயே குடி."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் மட்டும் எனக்கு நிஜமான அனுபவம் உண்டு.

"ரிசல்ட் வரலையே சார்."

"தண்ணி தெளிஞ்சிருச்சுல்ல? சாயங்காலச் செய்திக்குள்ள முடிச்சிடு."

வண்டியில் போகும்போதே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

அக்கா வீட்டு வாசல் குழாயைச் சுற்றிக் கூட்டம். அக்கா இடுப்பில் பாப்பாவோடு முன்னால் நின்றிருந்தாள்.

"என்னடா மூஞ்சி வெளுத்துப் போச்சு? சாப்பிட்டியா இல்லையா?"

"பேசாம இரு அக்கா, கேமரா ஓடுது."

நான் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அன்று நல்ல சட்டைதான் போட்டிருந்தேன்.

"குடிக்கட்டும், குடிச்சிட்டு அரை மணி நேரம் இங்கயே நிக்கட்டும்," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். "விழலைன்னா நாமளும் குடிப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். டம்ளரைத் தூக்கினேன்.

அப்போதுதான் அக்கா கையைக் கவனித்தேன். பாப்பாவின் சின்ன டம்ளர், விளிம்புவரை அதே குழாய்த் தண்ணீர்.

"சீக்கிரம் ஒரு வாய் குடிடா. காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு அழறா. வாங்கி வச்ச கேனும் தீந்து போச்சு. நீ வந்து குடிச்சதும் கொடுக்கலாம்னு வச்சிருக்கேன்."

அவள் பின்னால் நின்றவர்களின் கைகளிலும் சொம்பு, பாட்டில், டம்ளர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன்.

"சார், டம்ளரை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க, முகம் மறைக்குது," என்றார் கேமராக்காரர்.

கீழே இறக்கினேன்.

"ரிசல்ட் இன்னும் வரலைங்க. குடிக்காதீங்க."

தெருவுக்கே வாய் முளைத்தது. இதைச் சொல்லத்தான் கேமராவா? மதியமே குடித்தவர்கள் கதி என்ன? தெரியாது என்றேன். நான் படித்த பாடத்தில் அந்தப் பதிலுக்கு இடமே கிடையாது.

அக்கா பாப்பாவின் டம்ளரைக் கீழே கொட்டினாள். "அப்புறம் எதுக்குடா நீ தூக்கின?"

வாரியத்தின் தண்ணீர் லாரிப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

"யாரு உத்தரவு சார்?" என்றார் எடுத்தவர்.

"என் உத்தரவுதான்."

"உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கா சார்?"

"இல்ல. லாரிய அனுப்புங்க."

அவர் கொஞ்சம் யோசித்து, "அனுப்பறேன், ஆனா நீங்கதான் பொறுப்பு," என்றார். வைத்த கையோடு இயக்குநரின் அழைப்பு வந்தது. அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எடுடா. எடுக்கலைன்னா விட்டுருவாரா?" என்றாள் அக்கா. "பேசி முடிச்சிட்டு இங்கயே நில்லு. லாரி வர்றதுக்குள்ள நீ நழுவினா, நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படித் தலை காட்டுறது?"

தையல்காரர் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். உபசாரமா, காவலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்து போனை எடுத்தேன்.