துவைக்காத துப்பட்டா

போலீஸிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, "அப்படித் துணி எதுவும் இல்லைங்க" என்று தையல்காரி பொய் சொல்லிவிட்டாள். அதன்பிறகு இரண்டு நாள் தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தாள். மூன்றாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு, பீரோவின் அடித்தட்டிலிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தங்கையை யாரோ கொன்று நான்கு வருடமாகிறது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வீடு என்றால் இவர்கள் இரண்டு பேர்தான், இப்போது ஒருத்தி. வட்டாரக் காவல் நிலையத்தில் வாலுவின் துணிகளை மூட்டையாகக் கட்டிப் போட்டு மழைத் தண்ணீரில் ஊறவிட்டார்கள். துப்பட்டா மட்டும் அவர்கள் பட்டியலில் விட்டுப்போய், ஆஸ்பத்திரி ஆயா மூலம் இவள் கைக்கு வந்திருந்தது.

பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்க அரசாங்கம் இந்த வருடம் தனிப் பிரிவு அமைத்து, பழைய வழக்குகளையும் அதனிடம் ஒப்படைத்திருந்தது. அந்தப் பிரிவின் அறையில் புதுப் பெயிண்ட் நெடி.

"பார்த்து உட்காருங்கக்கா, வழுக்கும்" என்றாள் பெண் ஏட்டு. "நாற்காலி பிளாஸ்டிக்கையே இன்னும் உரிக்கல, அதுக்குள்ள எழுபது கேஸ் வந்தாச்சு."

ஆய்வாளரும் பெண்தான். "போன்ல இல்லைன்னீங்களே?"

"குடுக்க மனசு வரலம்மா."

ஆய்வாளர் கோபப்படவில்லை. தையலுக்கு அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்தார். "பேப்பர்ல வச்சது நல்லதாப் போச்சு. பிளாஸ்டிக்கா இருந்தா உள்ளயே வேர்த்து வீணாயிருக்கும். துவைச்சீங்களா?"

"இல்ல."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"நான்தான். மாசத்துக்கு ஒரு தடவை பிரிப்பேன். முகத்துல வச்சுக்குவேன். அவ வாசனை இருக்கும்."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினாள்.

"அப்ப நானே கெடுத்துட்டேனாம்மா?"

"தெரியல, பொய் சொல்ல மாட்டேன். முன்னாடின்னா இதை அனுப்பவே யோசிப்பாங்க. இப்ப எங்களுக்குன்னு பரிசோதனைக்கூடத்துல தனியா ஆள் போட்டிருக்காங்க. உங்க எச்சில்ல கொஞ்சம் எடுத்துக்குவோம். துணியில உங்களுதைக் கழிச்சுட்டு, மிச்சம் யாருதுன்னு பார்ப்பாங்க."

"துணி திரும்ப வருமா?"

"வழக்கு முடிஞ்சப்புறம் கேட்கலாம். ஆனா அங்கங்க வெட்டியிருப்பாங்க. மருந்து வாடைதான் இருக்கும்."

தையல்காரி வாயைத் திறந்தாள். ஏட்டு பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்தாள். பிறகு ஆய்வாளர் கையுறை மாட்டி, புது உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு, "கடைசியா ஒரு தடவை பார்க்கணுமா?" என்று கேட்டார்.

பார்க்க ஆசைதான். ஆனால் நாற்பத்தெட்டு மாதம் அவள் சுவாசித்த சுவாசமெல்லாம் அந்தத் துணியில் படிந்திருக்கும். வாலுவின் வாசனை மேலும் படிந்திருக்கும், அவளைக் கொன்றவனின் தடயத்தை மறைத்தும் படிந்திருக்கும். இன்னும் ஒரு தடவை வேண்டாம்.

மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, பொட்டலத்தை மேஜைமேல் நகர்த்தினாள். ஆய்வாளர் அதை உறைக்குள் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்துக் கையெழுத்துப் போடும்வரை பிடித்த மூச்சை விடவில்லை.

"அக்கா, இப்ப விடலாம்" என்றாள் ஏட்டு.

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போனாள். தெருவில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.