விசாலத்தின் வீட்டுக்காரர்

கல்யாணமான புதிதில் தங்கராஜுக்குத்தான் பேர். பொறியியலில் தங்கப் பதக்கம், புனேயில் போசரிப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் வேலை. "மாப்பிள்ளை மூளைக்காரர்" என்று நாகர்கோவிலில் விசாலத்தின் வீட்டார் சொல்லித் திரிந்தார்கள். விசாலம் வானிலை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டில் சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று பெரிய மனது பண்ணிச் சம்மதித்தவன் அவன்தான்.

தொண்ணூற்றாறில் ஒரு புயல் வந்தது. அது கரைக்கு வராமல் விலகிப் போய்விடும் என்று எல்லாரும் சொன்னபோது, திரும்பும் என்று விசாலம் ஒருத்தி மட்டும் பிடிவாதமாக நின்றாள். அவள் பேச்சை நம்பிக் கடலோர ஊர்களைக் காலி செய்தார்கள். புயல் திரும்பியது. வீடுகள் போயின, ஆட்கள் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவளை நாடே கூப்பிட்டது. பள்ளிக்கூடங்களில் பேசினாள். மீனவர்களுக்கு வானொலி எச்சரிக்கை வேண்டும் என்று டில்லியில் சண்டை போட்டு வாங்கினாள். பத்திரிகைகளில் படம் வந்தது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அவளுக்கு விழுந்த சால்வைகளை வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கராஜிடம் யாரோ கேட்டார்கள்: "சார், நீங்க டாக்டர் விசாலத்தோட வீட்டுக்காரர்தானே?"

அன்றைக்கு வயிற்றில் பற்றிக்கொண்டது அணையவே இல்லை. ரசத்தில் உப்பில்லை என்றான். டி.வி.யில் அவள் பேசிய ஹிந்தியைக் கேலி செய்தான். "எல்லாம் கம்ப்யூட்டர் போடுற கணக்கு. இவ வாசிச்சுக் காட்டுதா, அவ்வளவுதான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னான். விசாலம் காதில் அது விழாமல் இல்லை.

இரண்டாயிரத்து நாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, டில்லியிலிருந்து போன் வந்தது. விசாலம் மழைமானி பார்க்கக் கடக்வாஸ்லா அணைக்குப் போயிருந்தாள். அவளை மத்திய அமைச்சராக்க விரும்புகிறார்கள், சம்மதமா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்றது அந்தக் குரல்.

தங்கராஜ் யோசிக்கவே இல்லை. "அவளுக்கு அதிலெல்லாம் விருப்பம் கிடையாது" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது.

விசாலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் பத்ரிநாத் பின்னாலேயே ஓடிவந்தார். "என்ன மேடம், வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே! டில்லியிலேருந்து என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க."

விசாலம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"இல்ல சார். லைன் சரியில்ல போலிருக்கு, இவர் வேற என்னவோன்னு நெனச்சுட்டாரு. நானே பேசுதேன்."

பேசினாள். சம்மதம் சொன்னாள். பத்ரிநாத் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எதுக்குங்க இப்படிச் செஞ்சிய?"

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். "என்னால தாங்க முடியல விசாலம்" என்றான். "உன்னைப் பாத்தா எரியுது."

"தெரியும். எட்டு வருஷமாத் தெரியும். சரியாப் போயிரும்னு இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "நான் போகப் போறேன். நீங்க வாறதும் வராததும் உங்க இஷ்டம்."

அவன் போகவில்லை.

பதவியேற்பை ஃபாக்டரி கேன்டீனில் டி.வி. வைத்துப் பார்த்தார்கள். "வஹினி! நம்ம வஹினி!" என்று மராத்திக்காரர்கள் அண்ணியைக் கண்டதுபோல் கத்தினார்கள். யாரோ அவன் வாயில் பேடாவைத் திணித்தார்கள். சேலைக் கட்டில், உச்சரிப்பில், நடையில், ஒரு குறையாவது கிடைக்காதா என்று அவன் கண் தேடியது. அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"சாஹேப், அழறீங்களா?" என்று பக்கத்திலிருந்தவன் ஹிந்தியில் கேட்டான். "சந்தோஷம்தான், இல்லையா?"

தங்கராஜ் ஆமாம் என்று தலையாட்டினான். அந்த வாரமே டில்லிக்கு டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றான். ஜன்னலை நெருங்கியதும், பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான்.