மத்தியா, நெத்திலியா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை, மீன் குஞ்சுகளின் ஆசனவாயைத் தேடுவது. பதவிப் பெயர் கௌரவமானதுதான். ஆனால் மாமியார் கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாமியார் சொந்தக்காரர்களிடம், "மருமக கவர்மெண்டுல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நகத்தளவுகூட இல்லாத குஞ்சுகள். கண்ணாடி நூலில் இரண்டு கரும்புள்ளி வைத்தாற்போல் இருக்கும். அந்த வயதில் மத்தியும் நெத்திலியும் ஒரே அச்சு. முதுகுத் துடுப்புக்கு நேர் கீழே குடல் முடிந்தால் நெத்திலி. அதைத் தாண்டி வாலோரம் போய் முடிந்தால் மத்தி.

மூன்று வருடமாகக் கரையோரம் மத்தி வரத்தே இல்லை. இந்த முறை வலை நிறையக் குஞ்சுகள் வந்ததும் இயக்குநர் ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மத்தி திரும்பிடுச்சு" என்றார். மறுநாள் துறைச் செயலாளர் அம்மா வருவதாக இருந்தது. அதையே பேனரில் அடிக்கக் கொடுத்தாயிற்று.

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு குஞ்சுகளைப் பார்த்து முடித்து அவர் அறைக்குப் போனாள்.

"சார், எல்லாமே நெத்திலி."

"முப்பது வருஷமா மீன் பாக்கறேம்மா."

தட்டில்தானே என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். "ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"நாளைக்கு அவங்க போகட்டும், பாக்கலாம்."

செயலாளர் அம்மா பேனரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார்.

"எதை வச்சு மத்தின்னு சொல்றீங்க?"

இயக்குநர் அவளைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆசனவாயை வச்சு மேடம்."

இயக்குநருக்கு இருமல் வந்தது. அவள் ஊசி முனையால் இடத்தைக் காட்டினாள். அந்த அம்மா பொறுமையாகப் பார்த்தார்.

"துடுப்புக்கு நேர் கீழ இருக்கே. அப்போ?"

"நெத்திலி மேடம்."

"அந்த பேனர்?"

"அது... நம்ம எதிர்பார்ப்பு மேடம்" என்றார் இயக்குநர்.

நான்கு நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் புதிதாக வந்த புட்டியில் ஒரு குஞ்சின் குடல் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. மூன்று முறை பார்த்தாள். வாலோரம்தான். இதைச் சொன்னால் மனிதர் தலைகால் புரியாமல் ஆடுவார். பேசாமல் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு டீ குடித்தாள். பிறகு எழுந்து போனாள்.

"சார், ஒரு மத்தி இருக்கு."

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. அறிக்கையிலயும் ஒண்ணுன்னு எழுத்தால எழுதினாத்தான் கையெழுத்து போடுவேன்."

அவர் எழுந்து அவள் பின்னாலேயே வந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"சரி, ஒண்ணுன்னே எழுதுங்க" என்றார். "மிச்சத்தையும் பாத்துடலாமா?"

அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது?" என்பார் அவர்.

"நெத்திலி சார்."

"இது?"

"அது இறால் குஞ்சு சார்."