டயர் படாத வட்டம்

நம்ம பரிசோதகருக்கு அவருடைய மச்சானைக் கண்டாலே ஆகாது. மச்சானுக்கும் அப்படித்தான். ஒருத்தருக்கு மனைவியாகவும் இன்னொருத்தருக்குத் தங்கையாகவும் வாய்த்துவிட்ட பாவத்துக்கு நடுவில் கிடந்து வதைபட்டவள் ஒருத்திதான்.

பரிசோதகருக்குச் சாலை ஆராய்ச்சி லேபில் வேலை. தார் எத்தனை சூட்டில் இளகும், ஜல்லி எத்தனை அடிக்கு உடையும், மழை பெய்தால் டயர் எங்கே வழுக்கும் என்றெல்லாம் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். மச்சான் பஸ் டிரைவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கல்யாணமான புதிதில், வீடு நிறைய ஆள் இருந்த ஒரு நாளில், "மாப்பிள்ளைக்கு ரோட்டைத் தடவிக் குடுக்குற உத்தியோகம்" என்று மச்சான் சொல்லப்போக, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை. மனதில் முடிந்து வைத்துக்கொண்டார். நாலு வருஷம் கழித்து மச்சானின் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்து ஏறி, வளைவில் அவர் லாரியை முந்தியதைப் பார்த்துவிட்டு, டிப்போவுக்கு இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். மச்சானுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போச்சு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மச்சான் இவருக்குத் தார்ச்சட்டி என்று பேர் வைத்தார். இவர் அவருக்கு ஹாரன் என்று வைத்தார். இரண்டு பட்டப்பேரையும் இரண்டு பக்கமிருந்தும் காதில் வாங்கிக்கொண்டிருந்தவள் அந்தத் தங்கைக்காரிதான்.

இந்த லட்சணத்தில் ஆலை வளைவில் மச்சான் ஓட்டிய பஸ் கவிழ்ந்தது.

காலை எட்டரை மணி, லேசான தூறல். இறக்கத்தில் திரும்பிய பஸ் அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிச் சாய்ந்தது. ஒரு தபால்காரரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸும் செத்துப்போனார்கள். மச்சானுக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "பிரேக் பிடிச்சுது. ரோடு பிடிக்கலை."

ரோடு பிடித்ததா இல்லையா என்று விசாரணை அதிகாரி ஆராய்ச்சி லேபிடம் கேட்டார். லேப் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது. ஆலை வளைவு, பிடிமானம் அறுபத்தொன்று. வளைவுக்கு ஐம்பத்தைந்து இருந்தால் போதும், அதற்குக் கீழே போனால்தான் ஆபத்து. ஆக ரோட்டின் மேல் குற்றமில்லை. ரோட்டின் மேல் இல்லையென்றால் டிரைவர் மேல். லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. பதினெட்டு மாதத்துக்கு முன்னால் அந்த அறுபத்தொன்றை அளந்து கையெழுத்துப் போட்டவர் வேறு யார்? நம்ம ஆள்தான்.

அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இல்லையென்று சொன்னால் அது பொய். அந்த வருஷம் இரண்டே நாளில் பன்னிரண்டு வளைவை அளந்து முடித்ததற்காக லேபின் தலைவர் கொடுத்த பாராட்டுக் கடிதம், சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. "ரோடு சரியாத்தான் இருக்கு, உங்க அண்ணன்தான் சரியில்லை" என்று அதைக் கையால் காட்டி மனைவியிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் தெருமுனைக்குக் கேட்டது.

விசாரணை வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மாவுக்கட்டுப் போட்ட கையோடு மச்சான் வாசலில் வந்து நின்றார்.

"உள்ளே வரலாமா, இல்லை அதுக்கும் அளந்து பார்த்துத்தான் விடுவீங்களா?"

"எதுக்கு வந்தே?" என்றார் பரிசோதகர். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை, கால்ல விழ வரலை. ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன். அந்த வளைவுல வட்டம் வட்டமா வெட்டி எடுத்துட்டு அடைச்சு வெச்சிருக்கீங்களே, அது என்ன?"

"அளந்த இடத்தை ஒட்டியே ரோட்டைக் கொஞ்சம் வெட்டி லேபுக்குக் கொண்டுபோவோம். அஞ்சு இடத்துல அளந்தேன், அஞ்சு வட்டம். உனக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? நான் ஒரு நாளைக்கு எட்டு நடை அந்த வளைவுல போனவன். அந்த அஞ்சு வட்டத்துல ஒண்ணு மேலகூட ஒருநாளும் என் டயர் ஏறினதில்லை. அஞ்சும் நடுவால போயிடும், பஸ்ஸுக்கு அடியில. பஸ் என்ன வயித்தாலயா ஓடுது, மாப்பிள்ளை? டயராலதானே ஓடுது?"

"ரோட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? வெளியே போடா!"

இத்தனை வருஷப் பகையிலும் அதுவரை யாரும் யாரையும் 'டா' போட்டதில்லை. மச்சான் தங்கையைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சாபம் மாதிரித்தான் சொன்னார்.

ஆனால் அந்த வயிற்றுக் கேள்வி பரிசோதகருக்கு நெஞ்சுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. ஏனென்றால் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ரோட்டில் டயர் ஓடி ஓடித் தேய்கிற இடம் இரண்டு கோடுதான், சக்கரத் தடம் என்பார்கள். அங்கேதான் ஜல்லி மழமழவென்று ஆகும். இரண்டு தடத்துக்கும் நடுவில் டயரே படாது. அங்கே கல் போட்ட நாளில் இருந்த மாதிரியே சொரசொரவென்று கிடக்கும். அளக்க வேண்டியது தடத்தில். படிவத்திலேயே 'சக்கரத் தடம்' என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். அவரும் பன்னிரண்டு படிவத்தில் டிக் அடித்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் மனைவியிடம் போய் நின்றார். "ஆலை வளைவு வரைக்கும் போகணும். கொடி பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"ஏன், உங்க லேபுல ஆளுக்கா பஞ்சம்?"

"இருக்காங்க. அவங்க பார்க்கக் கூடாது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வளைவில் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பார்க்கிறதுக்குக் கருவியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு தடமும் துடைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தன. நடுவில் மங்கலான மேட்டில், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, அடைத்த வட்டம் ஐந்து. ஹாரன் சொன்னது சொன்னபடி இருந்தது.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அளக்கிற கருவிக்குப் பெண்டுலம் என்று பேர். மூன்று காலில் நிற்கும். ஒரு கை மேலிருந்து வீசி இறங்கி, நுனியில் இருக்கிற ரப்பரால் ஈர ரோட்டை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் போகும், முள் ஒரு எண்ணில் நிற்கும். ஆனால் கருவி மட்டமாக நிற்க வேண்டும். தடம் குழிந்து கிடந்ததால் மூன்று காலையும் திருகித் திருகி மட்டம் பார்க்கவே ஒரு இடத்துக்கு அரை மணி ஆனது. அன்றைக்கு இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்து உயிரை வாங்கின. அரை கை தள்ளி நடு மேட்டில் வைத்துப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் நின்றது. அட, இதுவும் அதே ரோடுதானே என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் இரண்டு நாளில் பன்னிரண்டு வளைவு முடிந்தது. இதற்குத்தான் சட்டம் போட்ட கடிதம். நல்ல கடிதம்!

மனைவி வளைவின் மேல் முனையில் சிவப்புக் கொடியோடு நிற்க, முதலில் நடுவில் வைத்து அளந்தார். தண்ணீர் ஊற்றி ஐந்து தரம் வீசவிட்டார். அறுபது. பிறகு கருவியைத் தடத்துக்கு இழுத்தார். மட்டம் பார்க்க அரை மணி நேரம் ஆனது. இந்த முறை பொறுமையாகத் திருகினார். கையை விட்டார். ரப்பர் ரோட்டைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை, வழுக்கிக்கொண்டு மறுபக்கம் ஏறியது. முப்பத்திநாலு. திரும்பவும் முப்பத்திநாலு. அதற்கடுத்தது முப்பத்திமூன்று.

வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்து அவள் இறங்கி வந்து முள்ளைப் பார்த்தாள்.

"முதல்ல அறுபதுன்னீங்க. இப்ப இது என்ன? எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம்."

"டயர் எதுல போகுது?"

அவர் கருவியின் காலைக் கழற்ற ஆரம்பித்தார். அவள் கொடியைச் சுருட்டி அவர் மடியில் எறிந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

லேபில் தலைவரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். தலைவர் பூசி மெழுகுவதில் கைதேர்ந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு எதுக்குய்யா தலையில கை வெச்சுக்கறே? அப்ப அறுபத்தொண்ணு இருந்துது. பதினெட்டு மாசத்துல தேஞ்சுபோச்சு. ரோடு தேயாதா? உன் மச்சானும் தப்பிச்சார், நீயும் தப்பிச்சே, லேபும் தப்பிச்சுது."

மீதிப் பதினோரு வளைவு என்ன ஆவது என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் கடிதம் போகும், வேலை போகும். அதையெல்லாம்விட ஹாரன் சிரிப்பான். விழுங்கிவிட்டார்.

வியாழக்கிழமை அதிகாரியின் முன்னால் நின்று, "அன்றைக்கு ரோடு நல்ல நிலையில் இருந்தது. அதற்குப் பிறகு வேகமாகத் தேய்ந்துவிட்டது. விபத்து நடந்தபோது பிடிமானம் போதாது" என்று கணீரென்று சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். டிரைவர் மேல் குற்றமில்லை, வளைவை உடனே செப்பனிட வேண்டும் என்று முடித்தார். இறந்த நர்ஸின் அப்பா பின்வரிசையிலிருந்து எழுந்து, "யார் மேலயும் குற்றமில்லைன்னா என் பொண்ணு எப்படிங்க செத்தா?" என்று கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள். மச்சான் மட்டும் பரிசோதகரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பரிசோதகர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வேண்டாத மனுஷனுக்கு வாழ்வு கொடுத்தாச்சு. இனிமேல் வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்கிற நினைப்பு. மச்சான் வந்தபோது நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

மச்சான் உட்காரவில்லை. "தேஞ்சுபோச்சா?" என்றார்.

"உன்னைக் காப்பாத்தியாச்சு. அப்புறம் என்ன?"

"நீங்க யாரைக் காப்பாத்தினீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தத் தடம் மூணு வருஷமாவே கண்ணாடி மாதிரிதான் இருக்கு. நீங்க அன்னைக்கே ஒழுங்கா அளந்திருந்தா அன்னைக்கே ரோட்டைப் போட்டிருப்பாங்க. அந்தத் தபால்காரர் இன்னைக்கும் சைக்கிள்ல வீடு வீடா மணி அடிச்சிட்டு இருப்பார். நான் கவிழ்த்த பஸ்தான், இல்லைன்னு சொல்லலை. அதைத் தினம் தினம் நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு அந்த நினைப்பாவது இருக்கா?"

"அண்ணே..." என்றாள் தங்கை.

"நீ இரும்மா. மாப்பிள்ளை, உங்களோட சண்டை போட எனக்கு இப்ப நேரமில்லை. ரெண்டு நாள்ல பன்னிரண்டு வளைவுன்னு அதோ எழுதி மாட்டியிருக்கே. மத்த பதினொண்ணுலயும் நடுவுலதானே வெச்சீங்க?"

பரிசோதகருக்கு இந்த முறை 'டா' போடவும் வரவில்லை. தலை மட்டும் ஆமாம் என்று ஆடியது. அது ஆடியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எந்தெந்த வளைவுன்னு எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல டிப்போவுல எல்லா டிரைவருக்கும் நான் சொல்லியாகணும். நீங்க உங்க ஆபீஸ்ல சொல்லுங்க, சொல்லாம போங்க. அது உங்க மனசாட்சி."

தங்கை பேப்பர் தேடினாள். அலமாரியில் தேடினாள், மேஜையில் தேடினாள். பிறகு நேராகச் சுவருக்குப் போய்ச் சட்டத்தை இறக்கி, பின்பக்க அட்டையைப் பிரித்து, பாராட்டுக் கடிதத்தை உருவி வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி புருஷன் முன்னால் போட்டாள். பேனாவையும் வைத்தாள்.

அவர் எழுதினார். பேர் எதுவும் மறக்கவில்லை. ஒவ்வொன்றிலும் கருவி ஐந்து நிமிஷத்தில் சுகமாக நின்றது ஞாபகம் வந்தது. கல்குவாரி வளைவு. பழைய பாலத்து வளைவு. சுங்கச்சாவடி இறக்கம். பள்ளிக்கூடத் திருப்பம். தண்ணீர்த் தொட்டி வளைவு.

மச்சான் முறியாத கையை நீட்டி அந்தக் கடைசிப் பேரின் மேல் விரலை வைத்தார்.

"இங்க போன மாசம் ஒரு பையன் பைக்கோட சறுக்கி விழுந்து செத்தான். மழை நாள். வேகமா வந்துட்டான்னு எழுதி மூடிட்டாங்க."

பேனா நின்றுவிட்டது. பரிசோதகர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நகரவேயில்லை. மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சட்டம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"இன்னும் ஆறு இருக்கு," என்றார் மச்சான். "எழுதுங்க, மாப்பிள்ளை."