ஜன்னலுக்கு எடுத்த அளவு

அம்மா தையல்காரி. அளவு நாடா எப்போதும் அவள் கழுத்தில்தான் கிடக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவாள். சொந்தமாக வாங்க வீடு பார்க்கப் போன அன்றும் கிடந்தது. மாடியறைக்குள் நுழைந்ததும் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த ஜன்னலைப் பார்த்தாள். நேராகப் போய் நாடாவை இழுத்து அகலம் எடுத்தாள், உயரம் எடுத்தாள்.

"திரைச்சீலைக்கு. எழுதிக்கோ" என்றாள் என்னிடம்.

நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்காரம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் புரோக்கர். புரோக்கர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை அன்றைக்கு நான் மரியாதைச் சிரிப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே விலை ஏறிவிட்டது.

"வேற ஒரு பார்ட்டி வந்திருக்காங்க தங்கச்சி" என்றார் புரோக்கர், போனில். "நீங்க போன பிறகு வந்தாரு. சொன்ன விலைக்கு மேலேயே தர்றேங்கிறாரு. சொந்தமா சரக்கு வண்டி வச்சிருக்காரு. வண்டியையே கொண்டாந்து உள்ள நிறுத்திப் பாத்துட்டுப் போயிட்டாருன்னா பாத்துக்கோங்களேன்."

ஏற்றிய தொகை எங்களுடைய ஒரு வருட வாடகை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தம்கூட இல்லை.

அந்த ஜன்னல் எங்களுக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அப்போது இருந்த வாடகை வீட்டில் பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா தைத்தாள். பகலில் நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அம்மாவின் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி வந்தவள் நான்தான்; பவர் எந்த வேகத்தில் ஏறியது என்று எனக்குத் தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாமல் ஒரு சட்டையின் கையைத் திருப்பித் தைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கறுப்புத் துணி வந்தால் "கை நிறைய வேலை இருக்கும்மா" என்று திருப்பி அனுப்பினாள். கை நிறைய வேலை எங்கே இருந்தது?

புரோக்கர் கையில் இன்னொரு வீடும் இருந்தது. மூலை வீடு. தரைத்தளம், அகலமான கேட், விலை குறைவு. ஆனால் தையல் இயந்திரம் போடக்கூடிய ஒரே அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டித் தொடலாம்.

மாலையில் நான் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். இரண்டு வீட்டையும் அளவுப்படி வரைந்து, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாள்தான் என் நிம்மதியைக் கெடுத்தது. ஜன்னல் வீடு இருப்பது ஒரு சந்தில். என் வரைபடப்படி அந்தச் சந்தில் ஒரு ஸ்கூட்டர் போனால் நடந்து வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சரக்கு வண்டி எப்படி உள்ளே போனது?

நான் தப்பாக அளந்திருக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

வேலை முடிந்து போய்ச் சந்தை மறுபடி அளந்தேன். அதே அளவு. சரி, அம்மாவிடம் வாங்கிப்போன துணி நாடா பழசாகி இழுபட்டிருக்கும் என்று அதை வகுப்புக்கு எடுத்துப்போய் இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன்.

"என் டேப்பையா சந்தேகப்பட்ட?" என்று கேட்ட அம்மா, ராத்திரி சாப்பாடு வரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாடாவில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் நான் அளவைப் படிக்கும்போதுதான் எங்கோ தவறியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நாடாவைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். புரோக்கரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா பஸ் டிரைவர். யார் ஹார்ன் அடித்தாலும் வழி விட்டுவிடுகிற மனிதர். அவர் எங்கள் தொகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். அந்தப் பார்ட்டியும் ஏற்றிவிட்டதாகப் பதில் வந்தது.

"போதும். மூலை வீட்டையே முடிச்சிடலாம்" என்றார் அப்பா.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்துக்கொண்டே இருந்தாள். "சரிங்க. நல்லதா ஒரு லைட் வாங்கிப் போட்டுக்கலாம்" என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மூலை வீட்டுக்கு எங்கள் விலையைச் சொன்னதும் புரோக்கர் உச்சுக்கொட்டினார். "அடடா, அதுக்கும் இப்ப ஒரு பார்ட்டி வந்துட்டாங்களே தங்கச்சி!"

அன்று மாலை வகுப்பில் என் பக்கத்து மேஜைக்காரன் தாளைக் கிழிந்துபோகும் அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிடுவோம். அவன் போட்ட கோடு எதுவும் வகுப்பு முடியும்வரை உயிரோடு இருந்ததில்லை.

"கோடு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"கோடு இல்ல. வீடு. அப்பாவோட சரக்கு வண்டிய நிறுத்த வசதியா ஒரு வீடு பாத்தோம். கேட்டுல வண்டிய விட்டுக்கூடப் பாத்தாச்சு. இப்ப எவளோ ஒரு தையல்காரம்மா போட்டிக்கு நிக்குதாம். டேப்பை எடுத்து ஜன்னலுக்கெல்லாம் அளவே எடுத்துடுச்சாம். விலை ஏறிட்டே போகுது."

"எந்த வீடு?"

"மூலை வீடு. பெரிய கேட்டு."

மூலை வீட்டில் அம்மா நாடாவைத் தொடவே இல்லை. அந்த ஜன்னலுக்குத் திரை போட்டு எதை மறைப்பது, சுவரையா?

"எவளோ ஒரு தையல்காரம்மா இல்ல. எங்கம்மா" என்றேன்.

ரப்பர் கையிலிருந்த ரப்பர் விழுந்து மேஜைக்கடியில் உருண்டது.

மறுநாள் இரண்டு குடும்பமும் புரோக்கர் முன்னால் போய் உட்கார்ந்தோம். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். முகம் சிவக்கும், தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.

"இதுல என்ன தப்பு? ரெண்டு பேருமே வீடு தேடுறீங்க, ரெண்டு பேருமே பார்ட்டிதான். தொழில்னா நாலும் இருக்கும் சார்."

"எங்க வீட்டு ஜன்னலைக் கொண்டுபோய் அவங்க வீட்டுல மாட்டுறதுதான் தொழிலா?" என்றேன்.

"பாப்பா, பெரியவங்க பேசும்போது..."

"அவ பேசட்டும்" என்றார் அப்பா. வழி விடாத அப்பாவை அன்றுதான் பார்த்தேன்.

ரப்பரின் அப்பா சாவியைச் சுழற்றியபடி எழுந்தார். "சரிண்ணே, கோபம் வேணாம். என் வண்டி அந்தச் சந்துக்குள்ள போயி நின்னுச்சுன்னு சொன்னீங்களே. எனக்கே தெரியாம எப்ப போச்சுன்னு பாக்க ஆசையா இருக்கு. வாங்க, முன்சீட்டுல ஏறுங்க."

மாட்டேன் என்று சொன்னால் பொய்யை ஒப்புக்கொண்டதாகிவிடும். புரோக்கர் ஏறினார். நாங்கள் பின்னால் நடந்தோம்.

சந்தின் முனையிலேயே வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் சுவரில் உரசி மடங்கின. கதவைத் திறக்க இடமில்லை. ரப்பரின் அப்பா ஹார்னை நீளமாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். "வழி சொல்லுங்கண்ணே, லெஃப்டா ரைட்டா?"

"நிறுத்துய்யா! மானம் போகுது!"

மேலே அந்த ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "யாரு இந்தச் சந்துல வண்டிய விடுறது? அறிவில்ல?"

"உங்களுக்கு வந்த வேற பார்ட்டிங்க" என்றாள் அம்மா கீழேயிருந்து.

"எனக்கா? உங்களைத் தவிர யாரும் வரலையே. நீங்க விலையக் கொறைச்சுக் கேட்டுட்டு, இப்ப மூலை வீட்டுக்குப் போறீங்கன்னுல்ல இவர் சொன்னாரு!"

"கொறைச்சா? நாங்க ஏத்திக் கேட்டோம்."

புரோக்கர் வண்டிக்குள்ளிருந்து என்னவோ சொன்னார். ரப்பரின் அப்பா மறுபடி ஹார்னை அழுத்தியதில் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மா ஒன்றும் தர்மதேவதை இல்லை. அம்மா ஏற்றிக் கேட்டதாகச் சொன்னதும் எவ்வளவு என்று உடனே கேட்டார்.

"அதை விடுங்க. நீங்க முதல்ல சொன்ன விலை. அதுக்கு ஒரு பைசா மேல இல்ல" என்றாள் அம்மா. "வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் லைட் வாங்கப் போகணும்."

வீட்டுக்காரம்மா எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "மேல வாங்க" என்றார்.

ஜன்னல் வீடு எங்களுக்கு, மூலை வீடு ரப்பருக்கு. இரண்டும் முதலில் சொன்ன விலைக்கே முடிந்தன. இரண்டுக்கும் புரோக்கர் கமிஷன் வாங்கிக்கொண்டார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். கொடுத்திருக்கக் கூடாது என்றேன். பேசியதைக் கொடுத்துத் தொலைத்துவிட வேண்டும் என்றார் அப்பா. யார் சரி என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெருவில் பார்த்தால் "வீடு எப்படி தங்கச்சி, நல்ல வெளிச்சமா?" என்று அவர் விசாரிக்கிறார். அந்த வெளிச்சத்தை அவர்தான் கொண்டுவந்து கொட்டியதுபோல. நான் நடையை எட்டிப் போடுகிறேன்.

அம்மா இப்போது கறுப்புத் துணியையும் தைக்க வாங்கிக்கொள்கிறாள். ஜன்னலுக்குத் திரைச்சீலை மட்டும் இன்னும் தைக்கவில்லை. அளவு எழுதிய தாளை எடுத்து நீட்டினேன்.

"கஷ்டப்பட்டு வாங்குனது. எதுக்கு மூடணும்?" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை மிதித்தாள்.