பாதை திறந்த நாள்

கறிவேப்பிலையைச் சிறு கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்த றொசாந்தியிடம் ஒக்சானா அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டூட்டிங்கில் யோகராஜாவின் மரக்கறிக் கடையில் இருவரும் எட்டு மாதமாக ஒன்றாய் வேலை செய்கிறார்கள். ஒக்சானா உக்ரைன்காரி, றொசாந்தி யாழ்ப்பாணத்துக்காரி. இருவருக்குமிடையில் ஓடியது அரைகுறை ஆங்கிலம்தான், அது போதுமாயிருந்தது.

ஒக்சானாவின் தாய் ரஷ்யப் படை பிடித்துவைத்திருக்கும் பக்கத்தில் அகப்பட்டிருந்தாள். ரஷ்யாவுக்குள்ளால் சுற்றி, நாலு நாள் பஸ்ஸில் இருந்து, லத்வியா எல்லைக்கு வந்து சேரலாம். ஆட்களைக் கூட்டிவருகிற ஒருவன் வெள்ளிக்கிழமை வெளிக்கிடுகிறான். ஓர் இடம் இருக்கிறதாம். தாயோ மாட்டேன் என்கிறாள். உலகமே எங்கள் பக்கம் நிற்கிறது, பேச்சுவார்த்தையும் நடக்கிறது, பாதை திறந்ததும் நேர்வழியாகவே வருகிறேன் என்கிறாள்.

"உங்கள் நாட்டிலும் சமாதானம் வந்ததுதானே?" என்றாள் ஒக்சானா. "அப்போது பாதையைத் திறந்தார்களா? அம்மாவைக் காத்திருக்கச் சொல்லட்டுமா?"

றொசாந்தியின் கை நின்றது. எதிரே தேவாலய வாசலில், நாலு வருட வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போன உக்ரைனின் நீல மஞ்சள் கொடி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் சின்னதாய் ஒரு பொறாமை கிளம்பும். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் சண்டையை நிறுத்தச் சொல்லி, இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கண்ட எந்த வாசலிலும் அவர்களுக்காக ஒரு துணி பறக்கவில்லை.

"திறந்தார்கள்" என்றாள்.

சொல்லச் சொல்ல அவளுடைய முகமே மலர்ந்தது. இரண்டாயிரத்து இரண்டு, சித்திரை மாதம், சண்டையால் பிரிந்துகிடந்த வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே பாதை திறந்த நேரம். இடப்பெயர்வில் பெரியப்பாவோடு வன்னிக்குப் போய் ஏழு வருடம் அங்கேயே மாட்டிக்கொண்ட தம்பி மேர்வின், புழுதி மூடிய பஸ்ஸிலிருந்து இறங்கி யாழ்ப்பாணத்தில் அவள் முன்னால் நின்றான். மீசை முளைத்திருந்தது. யாரோ என்று நினைத்து அவள் விலகி வழிவிட்டாள். "அக்கா, நான்தான்" என்றான். அன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த ஒரு நாளுக்குள் திரும்பவும் போய் இருந்துவிடமாட்டோமா என்றுதான் இன்றைக்கும் அவளுக்கு ஏக்கம்.

ஒக்சானா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்படியென்றால் அம்மா சொல்வது சரி."

தராசடியில் நின்ற யோகராஜா தமிழில் சொன்னார்: "பிள்ளை, பாதிக் கதையோடை விட்டிட்டீர். மிச்சத்தையும் சொல்லும்."

"எப்பிடி அண்ணை சொல்லுறது? அவளின்ரை முகத்தைப் பாருங்கோ."

"முகத்தைப் பாத்தால் ஏலுமே? தாய் மனிசி அங்கையே கிடந்திடும்."

றொசாந்தி கறிவேப்பிலையைக் கீழே வைத்தாள். நாலு வருடம் மேர்வின் வந்துபோய்க்கொண்டிருந்தான் என்றாள். வன்னியில் சைக்கிள் கடை போட்டிருந்தான். கடைசியாக வந்தபோது, ஆவணியில் மாதா திருநாளுக்கு வாறன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். திருநாளுக்கு நாலு நாள் இருக்கப் பாதையைப் பூட்டினார்கள்.

"பிறகு?"

"பிறகு சண்டை. அவனைக் காணவில்லை. இன்றுவரைக்கும் இல்லை."

றொசாந்தி ஒக்சானாவின் குளிர்ந்த கையைப் பிடித்தாள். "சமாதானம் வரட்டும், வரத்தான் வேண்டும். உன் அம்மா அதை இங்கே உன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை ஏறச்சொல்."

ஒக்சானா ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக்கு அப்பால், மழைத் தூறலில், அவள் தாயோடு வாதாடுவது தெரிந்தது. றொசாந்திக்கு அந்த மொழி ஒரு சொல்லும் விளங்காது. ஒக்சானாவின் மற்றக் கை மட்டும் மேலே, இடப்பக்கம், மறுபடி மேலே என்று, தாயின் கண்ணுக்கு எட்டாத ஒரு பாதையைக் காற்றில் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தது.